போனென்காய் கரோக்கே: தாழ்ந்த குரல் பெண்ணுக்கு எந்த ஜப்பானியப் பாட்டு?

கமலி_யோகோஹாமா

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் ஆபீஸ் போனென்காய் (வருடக் கடைசி விருந்து), அது முடிந்ததும் நிஜிகாய்க்கு (விருந்துக்குப் பிறகு போகிற இரண்டாவது சுற்று) கரோக்கே என்று இப்போதே முடிவாகிவிட்டது. இதுவரை தாம்பரைனைத் தட்டிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தே ஒப்பேற்றிவிட்டேன். இந்தத் தடவை மேனேஜரே "ஒரு ஜப்பானியப் பாட்டாவது பாடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார், இனி தப்ப வழியில்லை.

என் நிலவரம் இதுதான். ஹிராகனாவும் கதகனாவும் தடுமாறாமல் படிப்பேன், காஞ்சி (சீன எழுத்துகள்) அரைகுறை. சின்ன வயதில் கொஞ்ச வருடம் கர்நாடக சங்கீதம் படித்தேன், ஆனால் குரல் தாழ்ந்தது, நாலரைக் கட்டைதான் வசதி. யூடியூபில் பெண்கள் கரோக்கே பாட்டு என்று தேடினால் உச்சத்தில் பாடுகிற பாடகிகள் ஆதோவும் லிசாவும்தான் வந்து நிற்கிறார்கள், அந்த உச்சத்துக்குப் போனால் என் தொண்டை கீச்சென்று கத்துகிறது. குழுவில் மூன்று பேர் இருபதுகளில், மற்ற எல்லோரும் 45 தாண்டியவர்கள். அசத்தணும் என்றெல்லாம் ஆசை இல்லை, மானம் போகாமல் இருந்தால் சரி. என்ன பாடலாம்?

நிஷிகசாய்_அம்மா

கமலி, முதல் வேலையாக ஆதோவை மறந்துவிடுங்கள். "உஸ்ஸேவா"வும் சரி, லிசாவின் "குரெங்கே"யும் சரி, கேட்கும்போது ரத்தம் சூடாகும், பாடும்போது மூச்சு விட இடம் கிடைக்காது. யோவாசோபி குழுவின் "ஐடல்" அதைவிட மோசம், நடுவில் ராப் வேறு. ஜப்பானில் பிறந்து வளர்ந்தவர்களே அதில் நாக்கு பிறழ்ந்து சிரிப்பார்கள். பாட்டு உயரமா என்று மட்டும் பார்க்காதீர்கள், ஒரு வரிக்குள் எத்தனை எழுத்தை அடைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நமக்கு இடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

உங்கள் குரலுக்கு நான் முதலில் சொல்வது ஐம்யோன் பாடிய "மேரிகோல்ட்", 2018. கீழ்க்குரலில் நிதானமாகப் போகிறது, இருபதுகளில் இருப்பவர்களுக்குக் கண்டிப்பாகத் தெரியும், பெரியவர்களும் டிவியில் கேட்டிருப்பார்கள். இரண்டாவது நாகாஜிமா மியுகியின் "இதோ". 1992 ஆல்பத்தில் வந்து, பின்னால் பலர் திரும்பப் பாடி, இப்போது கல்யாண வீடுகளில் நிரந்தரமாகிவிட்ட பாட்டு. வேகமே கிடையாது. மூன்றாவது கிரோரோவின் "மிராய் எ", 1998. பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற ஜப்பானிய மொழி, அம்மாவைப் பற்றியது, ஆகவே யாராவது கண்ணைத் துடைத்தால் பயப்படாதீர்கள்.

45 தாண்டியவர்களைக் குளிர்விக்க வேண்டுமென்றால் மாட்சுதா செய்கோவின் "அகாய் ஸ்வீட் பீ" இருக்கிறது. 1982-ல் வந்தது. மெட்டு யூமிங் என்று எல்லோரும் கூப்பிடுகிற மாட்சுதோயா யூமி, வேறொரு புனைபெயரில் போட்டது. மேனேஜர் கூடவே முணுமுணுப்பார் பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தரமாட்டார்கள். கூட்டத்தில் யாருக்காவது "இது என் பாட்டு" என்று ஒன்று இருக்கும், அதை நீங்கள் முந்திக்கொண்டு போட்டுவிடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மோர்சிங்_மணி

மேலே அக்கா சொன்ன பட்டியல் நல்ல பட்டியல், ஆனால் கீ (சுருதி) பற்றி யாரும் பேசவில்லையே. கமலி, உங்களுக்குக் கட்டைக் கணக்கு தெரியும் என்பது பெரிய வசதி. ரிமோட்டில் கீ மைனஸை ஒரு தடவை அழுத்தினால் அரை ஸ்வரம் இறங்கும், ஐந்தரையில் இருப்பது ஐந்தாகும், அவ்வளவுதான். இங்கே யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுகிறவர்கள் உண்டு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மைனஸ் நாலு, மைனஸ் ஐந்து என்று இறக்கிவிடாதீர்கள். ஹிதோதோ யோவின் "ஹனாமிசுகி" (2004) பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பம் கீழே, சாபி வரும்போது (பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வருகிற பகுதி) மேலே ஏறுகிறது. சாபிக்காக இறக்கினால் ஆரம்ப வரிகள் காற்றாகத்தான் வரும், மைக்குக்கே கேட்காது. அதனால் பாட்டின் மிகக் கீழான ஸ்வரத்தை முதலில் பாடிப் பாருங்கள், அது உங்களுக்குத் தெளிவாக வருகிற அளவுக்கு மட்டும் இறக்குங்கள். சாபியின் உச்சி அப்போதும் எட்டவில்லையென்றால் அது உங்கள் பாட்டில்லை, அடுத்ததைப் பாருங்கள்.

இன்னொன்று, மார்க் போடும் வசதி. டாம், ஜாய்சவுண்ட் என்று இரண்டு கரோக்கே மெஷின்கள்; டாமில் செய்மிட்சு சைத்தென் என்று வரும், ஜாய்சவுண்டிலும் ஒன்று இருக்கிறது. திரையில் கோடு கோடாக ஸ்வரம் ஓடும், நம் குரல் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். கர்நாடக சங்கீதப் பழக்கத்தில் நாம் ஒரு ஸ்வரத்தை அசைத்தே பிடிப்போம், பாட்டு நன்றாக இருந்தாலும் மெஷினுக்கு அது கோட்டை விட்டு விலகுவதாகத்தான் படும். மார்க் வேண்டுமென்றால் நேராகப் பிடித்து, கடைசியில் மட்டும் லேசாக அசையுங்கள்.

அசைக்காமல் இருக்கவே முடியாது என்றால் எங்காவுக்கு (பழைய பாணி ஜப்பானிய உருக்கப் பாட்டு) வாருங்கள்! இஷிகாவா சாயுரியின் "ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி", 1977. எங்காவில் கொபுஷி என்று ஒரு குரல் சுழற்றல் உண்டு, பிருகா (வேகமான ஸ்வர உருட்டல்) பழகிய தொண்டைக்கு அது சுலபமாக வரும். மெஷின்கூட கொபுஷியைத் தனியாக எண்ணிக் காட்டும். அதே பாடகியின் "அமாகி கோயே"வும் (1986) பிரமாதம், ஆனால் அதில் "உன்னைக் கொன்றுவிடலாமா" என்று காதலனைக் கேட்கிற வரி வருகிறது. மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைப் பாடாதீர்கள்.

கீச்சுக்குரல்

மணி அண்ணா, எங்கா நல்ல யோசனைதான், ஆனால் மூன்று சின்னப் பெண்களும் அப்போது போனைத்தான் பார்ப்பார்கள். எனக்கென்னவோ எவாஞ்செலியன் அனிமே தொடரின் பாட்டுதான் சரி என்று படுகிறது, தகாஹாஷி யோகோவின் "சான்கோகு ந டென்ஷி நோ தேசே". தொடர் வந்தது 1995-ல். அன்றைக்குப் பள்ளியில் இருந்தவர்கள்தான் இன்றைக்கு அந்த 45 தாண்டியவர்கள், இருபதுகளில் இருப்பவர்களுக்கும் கரோக்கே மூலமாகவே தெரியும். முதல் வரி தாளமில்லாமல் மெதுவாக வரும், அதை மட்டும் நீங்கள் நிமிர்ந்து பாடிவிட்டால் போதும், தாளம் விழுந்ததும் அறையே சேர்ந்துகொள்ளும், உங்கள் குரல் யாருக்குக் கேட்கப் போகிறது? கீயை மட்டும் இரண்டு இறக்கிக்கொள்ளுங்கள்.

இகிமோனோகாகாரி குழுவின் "புளூ பேர்ட்" (நருடோ அனிமேயில் வருவது) எனக்கு உயிர், ஆனால் உங்களுக்கு வேண்டாம், உயரம். அவர்கள் பாட்டுதான் வேண்டுமென்றால் "அரிகாதோ", 2010-ல் என்எச்கே டிவியின் காலைத் தொடருக்காக வந்தது. வருடக் கடைசிக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

கமலி_யோகோஹாமா

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. வீட்டில் முணுமுணுத்துப் பார்த்ததில் "மேரிகோல்ட்" அப்படியே உட்கார்ந்துவிட்டது, கீயை ஒன்று இறக்கினால் போதும் போலிருக்கிறது. எவாஞ்செலியனை இரண்டாவதாக வைத்துக்கொள்கிறேன். எங்காவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை மணி சார். உச்சரிப்புதான் கவலை. வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் சுலபமாக இருக்குமா? அப்புறம், முழுப் பாட்டையும் பாடியே ஆகணுமா?

நிஷிகசாய்_அம்மா

தமிழில் எழுதவே எழுதாதீர்கள். நாங்கள் இங்கே எழுதுகிற பாட்டுப் பெயர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் எழுத்தில் கவுக்கு ஒரே வடிவம், நடுவில் வந்தால் நம் வாய் அதைத் தானாக மெலிதாக்கிவிடும். "அகாய்" என்று எழுதி வைத்தால் பாடும்போது பாதி "அஹாய்" ஆகிவிடும், தவும் அப்படித்தான். திரையில் காஞ்சிக்கு மேலே சின்னதாக ஹிராகனா ஓடும், நிறம் மாறிக்கொண்டே போகும், அதைப் பார்த்தே பாடுங்கள். குறில் நெடில் நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது, இரட்டித்து ஒலிப்பதும் அப்படியே, அந்த இரண்டிலும் மற்ற வெளிநாட்டவரைவிட நாம் ஒரு படி மேல்தான். கவனம் வேண்டியது "ன்"னில். அதற்கும் தனி அடி உண்டு, பல பாட்டில் தனி ஸ்வரமே இருக்கும், முந்தின எழுத்தோடு ஒட்டி விழுங்கிவிட்டால் அடுத்த வரிக்கு முன்னாலேயே போய் நிற்பீர்கள்.

முழுப் பாட்டு தேவையில்லை. நிறையப் பேர் வரிசையில் காத்திருந்தால் முதல் சாபி, மிஞ்சினால் இரண்டாவது சாபி முடிந்ததும் நிறுத்து பொத்தானை அழுத்திவிடலாம், நாகரிகம் என்றுகூட நினைப்பார்கள். "இதோ" மாதிரி மெதுவான பாட்டுகளுக்கு இது இன்னும் அவசியம்.

மோர்சிங்_மணி

வீட்டில் முணுமுணுப்பது வேறு, மைக்கில் பாடுவது வேறு கமலி. ஒருநாள் வேலைநாள் பகலில் ஹிதோகரா (தனியாகப் போய்ப் பாடும் கரோக்கே) போய்விட்டு வாருங்கள், தனியாளாக வருகிறவர்கள் இங்கே நிறையப் பேர், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கமாட்டார்கள். அரை மணி நேரக் கணக்கில் அறை தருவார்கள், பல இடங்களில் ஒரு பானம் கட்டாயம். கைட் வோக்கல் (கூடவே பாடிக் காட்டும் குரல்) இருக்கிற பாட்டென்றால் முதலில் அதைப் போட்டுக் கூடவே பாடுங்கள், பிறகு அணைத்துவிட்டு எக்கோவையும் குறைத்துப் பாடிப் பாருங்கள். உங்கள் கீ எண்ணை போனில் குறித்து வையுங்கள், அன்றைக்கு வரிசையில் பாட்டைப் போடும்போதே அதையும் சேர்த்துப் போட்டுவிடலாம். நிஜிகாய்க்கு எந்தக் கடை, டாமா ஜாய்சவுண்டா என்று ஏற்பாடு செய்கிறவரிடம் இப்போதே கேட்டுக்கொண்டு, அதே மெஷின் இருக்கிற இடத்தில் பழகுங்கள்.