தாத்தா வீட்டுக் கூட்டம்

கயல்: [படம்] பழவேற்காட்டில் பார்த்த வெள்ளைக் கொக்கு. மைப்பேனாவில் வரைந்தேன். யாரும் சிரிக்காதீர்கள்.

சுதா அத்தை: அழகு, கண்ணே! நாரைதானே?

கயல்: கொக்கு, அத்தை 😐

முரளி: மழையில் நனைந்த தலையணை.

கயல்: மாமா, இவனை முதலில் குழுவிலிருந்து நீக்குங்கள்.

மாமா: நீக்கலாம். ஆனால் அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நிழல் என்று உடம்பு முழுக்கக் கோடு இழுத்துவிட்டாய். வெள்ளைக் கொக்கு சாம்பல் கொக்காகிவிட்டது. கறுப்பு மையில் வெள்ளை ஏது? காகிதத்தைத் தொடாமல் விட்டால் அதுதான் வெள்ளை.

கயல்: அப்படி விட்டால் கொக்கே தெரியவில்லையே. பின்னால் ஏரியும் பளபளவென்றுதான் இருந்தது.

மாமா: பின்னால் ஒரு கருவேலம் புதரை வை. கோடுகளை நெருக்கிக் குறுக்கும் நெடுக்குமாக இழு. புதர் கறுக்கக் கறுக்கக் கொக்கு தானே வெளுக்கும். அலகுக்கும் காலுக்கும் முழு மை. கால்விரல்களை மட்டும் விட்டுவிடு, சின்னக் கொக்குக்கு அவை மஞ்சள்.

முரளி: இல்லாத புதரை வரைவது பொய் இல்லையா?

மாமா: பழவேற்காட்டில் சீமைக் கருவேலத்துக்கா பஞ்சம்? நான்கு அடி தள்ளி நின்று பார்த்ததாக வைத்துக்கொள்.

கயல்: வயிற்றுக்கு நிழல்? பந்துக்கு அடிப்பக்கம் கறுப்பு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

மாமா: அந்தப் பந்து மேசைமேல் இருந்தது. கொக்கு வெயிலில், தண்ணீரில் நிற்கிறது. தண்ணீரும் மணலும் வெளிச்சத்தைத் திருப்பி வயிற்றில் அடிக்கும். விலா ஓரம் ஐந்தாறு மெல்லிய கோடு போதும், அடிவயிற்றை விட்டுவிடு. கண்ணில் ஒரு துளி வெள்ளையும் விடு, இல்லாவிட்டால் பொம்மைதான்.

கயல்: அடுத்து நண்டு வரையப்போகிறேன்.

மாமா: கரையில் ஓடும் பேய் நண்டா? அதன் நிழலை முதலில் வரை. நாம் பார்ப்பதே அதைத்தான். நண்டு நின்றுவிட்டால் மணலோடு மணல். ஓட்டுக்கும் நிழலுக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டால், காலூன்றி எழும்பி நிற்பது தெரியும். காலையிலேயே போ. உச்சி வெயிலில் நிழல் வயிற்றுக்கடியில் பதுங்கிவிடும்.

பாட்டி: நண்டு எத்தனை கிலோ?

மாமா: அம்மா, படம்.

பாட்டி: படத்துக்கா இத்தனை பேச்சு? பூண்டு உரித்து வைத்துவிட்டேன்.

கயல்: [படம்] புதர் வைத்துவிட்டேன்.

முரளி: தலையணைக்கு உயிர் வந்துவிட்டது.

சுதா அத்தை: நாரை அருமை!