கணுக்கால் முறிவு: மாவுக்கட்டோடு இருக்கும் 6 வாரத்தில் எதையெல்லாம் அசைக்கலாம்?

காலைநடை:
வணக்கம். எனக்கு வயது 54. மாடிப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்ததில், வலது கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்து இன்றோடு 16 நாட்கள் ஆகின்றன. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டு, 6 வாரத்துக்கு அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நாள்தோறும் விடியற்காலையில் 5 கிலோமீட்டர் நடந்து பழகிய எனக்கு, முறிவின் வலியைவிடக் கட்டிலில் கிடப்பதுதான் பெரும் தொல்லையாக இருக்கிறது. "அசையாமல் கிடந்தால்தான் எலும்பு கூடும்" என்று வீட்டில் தண்ணீர்கூட எடுக்க விடுவதில்லை. இது சரிதானா?

சைக்கிள்காரர்:
ஐயா, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தபோது நானும் அப்படித்தான் 8 வாரம் அசையாமல் கிடந்தேன். கட்டை வெட்டி எடுத்த அன்று என் கெண்டைக்கால் முருங்கைக்காய் போல இருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் ஒரு மாடி ஏறும் அளவுக்குத் தசை திரும்ப மேலும் நான்கு மாதம் பிடித்தது. ஒரு சிறு யோசனை: ஊன்றுகோல் பிடித்த கையில் தம்ளரைத் தூக்க முடியாது. தோளில் குறுக்காக மாட்டும் துணிப்பையில் ஒரு பிளாஸ்கை வைத்துக்கொண்டால், தண்ணீருக்கும் காப்பிக்கும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

இயன்முறை:
நான் எலும்பு முறிவுப் பிரிவில் பணியாற்றும் இயன்முறை மருத்துவர். உங்கள் வீட்டார் சொல்வதில் பாதி உண்மை. முறிந்த இடத்தில் முதல் இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்புத்தான் உருவாகிறது. அது சுண்ணாம்புச்சத்து ஏறிக் கெட்டிப்படும் வரை அந்த இடம் நகரக் கூடாது. ஆனால் ஓய்வு தேவைப்படுவது அந்த ஓர் எலும்புக்குத்தான்.

கட்டுக்கு வெளியே தெரியும் கால்விரல்களை விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மடக்கி நீட்டுங்கள். படுத்தபடி முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடைத் தசையை இறுக்கி, 5 எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். இதைப் பத்து முறை செய்யலாம். உங்கள் மருத்துவர் சம்மதித்தால், முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி இறக்குவது அடுத்த படி. கைகளுக்கு, நீர் நிரப்பிய 1 லிட்டர் பாட்டிலே ஒரு கிலோ எடைதான். ஊன்றுகோலின் மேற்பட்டைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். பாரம் உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் சாய்ந்து நின்றால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும்.

கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தாலும், விரல்கள் நீலம் பாரித்தாலும், மரத்துப்போனாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால், இரத்தக் கட்டி நுரையீரலை அடைத்திருக்கக் கூடும் என்பதால், ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. அரிக்கிறது என்று கட்டுக்குள் விளக்குமாற்றுக் குச்சியை விடுபவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். உள்ளே ஏற்படும் கீறல் சீழ் பிடித்த பிறகுதான் தெரியவரும்.

கேழ்வரகுக்களி:
எனக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. கையைத் தூளியிலேயே வைத்திருந்ததால் அடிபடாத தோள் இறுகிப்போய், கட்டுப் பிரித்த பின்னும் தலை பின்ன முடியாமல் தவித்தேன். உணவைப் பற்றியும் ஒரு சொல்: ஆட்டுக்கால் சூப்பை மட்டும் நம்ப வேண்டாம், அதில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும் பாலும் நல்லவை.

காலைநடை:
அனைவருக்கும் நன்றி. இன்று மருத்துவரிடம் கேட்டேன். காலைத் தூக்கிப் பயிற்சி செய்யச் சம்மதித்தார். ஆறாவது வார எக்ஸ்ரேயைப் பார்க்காமல் ஊன்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஊன்றுகோல் அளவும் தவறாகத்தான் இருந்தது. இரண்டு துளை இறக்கி மாட்டியிருக்கிறோம். பிளாஸ்க் பையை என் மனைவி தைத்துக்கொண்டிருக்கிறார்.