குழுக் காப்பீட்டை நிறுத்திவிட்டு மாதப்படி தருகிறார்கள்: எதைக் கவனிக்க வேண்டும்?

ஹூஸ்டன்வாசி:
நாற்பது பேர் பணிபுரியும் எங்கள் நிறுவனம், பிரீமியம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, ஜனவரி முதல் குழு மருத்துவக் காப்பீட்டை நிறுத்துகிறது. அதற்குப் பதிலாக ‘இக்ரா’ என்ற ஏற்பாட்டில் மாதம் 900 டாலர் தருவார்களாம்; காப்பீட்டை நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும். நானும் மனைவியும் ஐம்பதைத் தாண்டியவர்கள், மகனுக்கு ஆஸ்துமா. இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை உண்டா?

கணக்கர்:
உண்டு. முழுநேர ஊழியர்கள் 50 பேருக்கும் குறைவாக உள்ள நிறுவனம் காப்பீடு தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. இக்ராவும் 2020 ஜனவரியிலிருந்தே நடைமுறையில் இருக்கிறது. சுகாதாரக் கொள்கை ஆய்வு அமைப்பான கே.எஃப்.எஃப். நடத்திய ஆய்வின்படி, 2024இல் வேலை வழியாகக் கிடைக்கும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியரின் பங்கு 6,296. நிறுவனங்கள் ஓய்வூதியத்திலிருந்து 401(கே) என்ற ஊழியர் சேமிப்புக் கணக்குக்கு மாறியபோது நடந்ததே இங்கும் நடக்கிறது: பலனுக்குப் பொறுப்பேற்றிருந்த நிறுவனம், இனி தொகைக்கு மட்டுமே பொறுப்பேற்கும். ஆகவே அந்த 900 ஆண்டுதோறும் உயருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வயது கூடியவர்களுக்குப் படியைக் கூட்டித்தர விதி இடமளிக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர் அதைக் கேட்காமல் விடுவது நஷ்டம்.

பழையவாசகர்:
பணத்தைவிட, திட்டம் ஏற்கும் மருத்துவர்களின் பட்டியல்தான் முக்கியம் என்பேன். டெக்சஸில் தனிநபர் திட்டங்கள் பெரும்பாலும் எச்.எம்.ஓ. அல்லது ஈ.பி.ஓ. வகையைச் சேர்ந்தவை, பட்டியலுக்கு வெளியே போனால், அவசர சிகிச்சை நீங்கலாக, முழுச் செலவும் நம் தலையில்தான். நான் மாறியபோது, “அந்தக் கம்பெனியின் கார்டை வாங்குவோம், இந்தத் திட்டத்தை வாங்க மாட்டோம்” என்று மருத்துவமனை வரவேற்பில் திருப்பி அனுப்பினார்கள். கம்பெனி பெயரை அல்ல, திட்டத்தின் முழுப் பெயரைச் சொல்லி விசாரியுங்கள்.

கணக்கர்:
இன்னொன்று விட்டுப்போயிற்று. இக்ராவை ஏற்றால் அரசின் பிரீமியம் வரிச்சலுகை கிடைக்காது. படிக்கு மேல் வரும் மீதியை, நிறுவனம் அதற்கு ஏற்பாடு செய்திருந்தால், வரிக்கு முந்தைய சம்பளத்திலிருந்து கட்டலாம். ஆனால் அரசு நடத்தும் காப்பீட்டுச் சந்தைக்கு வெளியே வாங்கிய திட்டத்துக்கு மட்டுமே அது செல்லும்.

ஹூஸ்டன்வாசி:
மிக்க நன்றி. மகனின் நுரையீரல் மருத்துவரிடம் விசாரித்தேன். நான் பார்த்து வைத்திருந்த மூன்று திட்டங்களில் ஒன்றைத்தான் ஏற்கிறார்கள், அதுவே மூன்றிலும் விலை கூடியது. படியை வயதுக்கேற்பக் கூட்டித்தருமாறு இன்று மனிதவளத் துறைக்கு எழுதியிருக்கிறேன்.