பின்சைட்டை அடிவரை இறக்கியும் எயார் ரைபிள் மேலேயே சுடுது

உப்புவெளி: 4.5 மி.மீ. ஸ்பிரிங் எயார் ரைபிள், குழல் மடிக்கிற வகை. ஸ்கோப் இல்லை, குழல் நுனியில் இருக்கிற முன்சைட்டையும் கண்ணுக்குக் கிட்ட இருக்கிற பின்சைட்டையும் நேராக்கித்தான் குறி பார்க்கிறது. 10 மீற்றரில் குறிக்கு 6 செ.மீ. மேலே அடிக்குது, ஆனால் குண்டுகள் கிட்டக்கிட்டத்தான் விழுது. பின்சைட்டை ஏற்றி இறக்கிற சில்லு இனித் திரும்பாது. முன்சைட்டைக் கொஞ்சம் அராவினால் இறங்குமோ?

கிண்ணியா: அராவ வேண்டாம் தம்பி. முன்சைட் குட்டையானால் குறி பார்க்கக் குழலை இன்னும் நிமிர்த்த வேண்டிவரும், குண்டு இன்னும் மேலே போகும். குண்டு இறங்கப் பின்சைட் இறங்கவேணும், இல்லாட்டி முன்சைட் உயரவேணும். முதலில் சில்லு திரும்புதா என்று பார்க்காமல், பின்சைட் தகடு உண்மையில் இறங்குதா என்று பாருங்கோ. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் தகட்டுக்கு அடியில் துருவும் மணலும் கட்டியாகி நிற்கும். சில்லு முடிந்தது போலத் தெரியும், தகடு பாதியில் நிற்கும். ஸ்பிரிங் இழுபடாமலும் குண்டு போடாமலும் இருக்கும்போது தகட்டைக் கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தட்டி எடுங்கோ. ஒரு சொட்டு எண்ணெய் போதும். குழலின் பின்துளைக்குள் எண்ணெய் போகவே கூடாது. அது சிலிண்டரில் எரிந்து புகைந்தால் வேகம் ஒவ்வொரு வெடிக்கும் மாறும்.

நிலாவெளி: ரைபிளை எதில வைச்சுச் சுடுறீங்க? மேசை விளிம்பு, செங்கல் என்றால் அதுவே பாதிக் காரணம். ஸ்பிரிங் ரைபிள் குண்டு வெளியேறும் முன்பே உதறும். கடினமான பொருளில் முன்மரம் (குழலுக்குக் கீழே கை பிடிக்கிற மரம்) பட்டால் மேலே துள்ளும். உள்ளங்கையை மணல்மூட்டையில் வைத்து, முன்மரத்தைக் கையில் இறுக்காமல் கிடத்திச் சுடுங்கோ. முன்சைட் நுனி பின்சைட் வெட்டின் மேல்விளிம்போடு சமமாக நிற்கவேணும், நுனி மேலே எட்டிப் பார்த்தால் குண்டும் மேலே. 10 மீற்றர் அட்டையின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. அடிவிளிம்பில் குறி பார்க்கச் சரிசெய்த ரைபிளை மையத்தில் பிடித்தால் அதிலேயே 15 மி.மீ. கூடிவிடும்.

கிண்ணியா: குழல் வளைவையும் பாருங்கோ. மடித்தபடியே விசை தட்டுப்பட்டால் குழல் தானாக அடித்து மூடி மேல்நோக்கி வளையும். மேல்பக்கம் நேரான இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சம் தெரியுதா என்று பார்த்தால் போதும். முன்சைட்டும் சேர்ந்து உயர்வதால், ஸ்கோப்பில் தெரிகிற அளவு திறந்த சைட்டில் தெரியாது. வீட்டில் நிமிர்த்தப் போகவேண்டாம்.

உப்புவெளி: கிண்ணியா நானா சொன்னதுதான். தகட்டடியில் மணல், துடைக்க 1 மி.மீ. இறங்கிற்று. கையில் கிடத்திச் சுட்டதோடு இப்ப 3 செ.மீ. மேலே. குழல் நேர். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 420 மி.மீ.

கிண்ணியா: கணக்கு இலகு. 10 மீற்றர் என்றால் 10,000 மி.மீ., ஆகவே 30 மி.மீ. × 420 ÷ 10,000 = 1.26 மி.மீ. அவ்வளவு முன்சைட் உயரவேணும். 2 மி.மீ. உயரப் பித்தளைத் துண்டை எபொக்சியால் ஒட்டுங்கோ, அகலம் பழைய நுனி அளவே. காயும்வரை ஒரு நாள் விடுங்கோ. முதல் குண்டுகள் குறிக்கு ஏறக்குறைய 1.8 செ.மீ. கீழே விழும், அது சரிதான். பிறகு மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு, ஐந்து வெடி என்று போங்கோ. 0.1 மி.மீ. அராவினால் குண்டு ஏறக்குறைய 2.4 மி.மீ. ஏறும். பின்சைட்டை ஒரு சுற்று மேலே விட்டுவைத்துத் தொடங்கினால் பிறகு இறக்கவும் இடமிருக்கும், ஆனால் அதற்கேற்றபடி துண்டின் உயரத்தைக் கூட்டுங்கோ.