எண்ணெய் மேடைக்கு ‘ஆயுள்’ பொருந்துமா? ‘உழைகாலம்’ என்று ஒரு முன்மொழிவு

அன்பின் குழுவினருக்கு,

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து எழுதுகிறேன். பாடசாலை விஞ்ஞான மன்றத்துக்காகக் கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளைப் பற்றி எட்டுப் பக்கத்தில் ஒரு கைநூல் கேட்டார்கள். ஏழு பக்கம் மூன்று நாளில் முடிந்தது. எட்டாவதில் ஒரே ஒரு சொல்லோடு இரண்டு கிழமையாக மல்லுக்கட்டுகிறேன். ஒரு மேடை எத்தனை வருடம் வேலை செய்யும், அந்தக் காலத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

போன கிழமை இங்கே கேட்டபோது ஆறு சொற்கள் வந்தன: ஆயுட்காலம், வாழ்நாள், பணிக்காலம், சேவைக்காலம், பாவனைக்காலம், பயன்தரு ஆயுட்காலம். கடைசிச் சொல் உயர்தரக் கணக்கீட்டில் பெறுமானத் தேய்வு படித்த எல்லாருக்கும் பழக்கம். எல்லாமே நல்ல சொற்கள்தான், ஆனால் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டவை. பாவனைக்காலம் என்றால் பிஸ்கட் பக்கற்றின் பின்பக்கம்தான் நினைவுக்கு வருகிறது. சேவைக்காலம் என்றால் ஆசிரியர் இடமாற்றப் படிவம். பணிக்காலம் என்றால் ஓய்வூதியம்.

‘ஆயுள்’ தான் எனக்குப் பெரிய சிக்கல். நம் காதில் அது சாதகச் சொல். எழுதி வைத்தபடி முடியும், முடிந்தால் முடிந்ததுதான். மேடைக்குச் சொல்லும் 20 வருடம், 25 வருடம் என்பது அப்படியானதல்ல. அது பொறியியலாளர் கணக்குத் தொடங்குவதற்காக எடுத்துக்கொள்ளும் எண்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கடலில் 6 செக்கனுக்கு ஓர் அலை என்று வைத்தால் ஒரு நாளைக்கு 14,400 அலை. வருடத்துக்கு 52 இலட்சத்துக்கு மேல். 20 வருடத்தில் 10 கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வோர் அலையும் மேடையின் காலை ஒரு நூல் வளைத்து விடுகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறதே, அதே கதை. உலோகக் களைப்பு என்கிறோம். இரும்புக்கும் களைக்கும் என்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், ஆனால் ஒரு தடவையில் மனதில் பதிந்துவிடுகிறது. இனித்தான் சுவாரசியம். எல்லா மூட்டுக்கும் ஒரே 20 வருடக் கணக்கைப் போடுவதில்லை. உடைந்தால் மேடைக்கே ஆபத்து, போய்ப் பார்த்துத் திருத்தவும் வழியில்லை என்ற மூட்டுக்கு நோர்வே விதிமுறைகளில் 10 மடங்கு. அதாவது 20 வருட மேடைக்குள் 200 வருடம் தாங்கும் கணக்கில் செய்த மூட்டுகளும் இருக்கின்றன. இதில் எதை ஆயுள் என்பது?

மறுபக்கமும் உண்டு. அலெக்சாண்டர் எல். கீலாண்ட் என்ற மிதவை மேடை 1976இல் கட்டி ஒப்படைக்கப்பட்டது. 1980 மார்ச் 27ஆம் திகதி மாலை வட கடலின் நோர்வேப் பகுதியில் அதன் ஐந்து கால்களில் ஒன்று பிரிந்து, மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்தார்கள். நான்கு வருடம்கூட ஆகவில்லை. காரணம், ஒரு குறுக்குத் தண்டில் ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்துவதற்காக வைத்த தாங்கியின் 6 மில்லிமீற்றர் வெல்டிங். அதில் தொடங்கிய வெடிப்பு களைப்பால் வளர்ந்து தண்டையே அறுத்துவிட்டது. வட கடலின் பிரெண்ட் வயலோ 1976இல் எண்ணெய் தரத் தொடங்கியது. அதன் கடைசி மேடை 2021இல்தான் நின்றது. ஏறத்தாழ 45 வருடம்!

பிரெண்ட் ஏன் நின்றது? கறள் பிடித்து விழுந்ததா? இல்லை. கீழே எடுத்து இலாபம் பார்க்க ஏதும் மிச்சமில்லை. பெரும்பாலான மேடைகளின் கதை இதுதான். எண்ணெய் குறையும், கூட வரும் தண்ணீர் ஏறும், மேடை பழசாகப் பழசாகத் திருத்தச் செலவும் ஏறும். வரவைச் செலவு தாண்டுகிற நாளில் வால்வை மூடுவார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் வீட்டுச் சொல் ஒன்று பிடிபட்டது. அப்பா இரண்டாம் கையாக வாங்கிய வள்ளத்து இஞ்சினைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக் சொன்னது: “இன்னும் ரெண்டு மாரிக்கு உழைக்கும்.” நீடித்து நிற்கும் என்று பொருள். அதே வாயால், “மகன் கட்டாரில உழைக்கிறான்.” சம்பாதிக்கிறான் என்று பொருள். தாங்குவதும் சம்பாதிப்பதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. மேடைக்கு வேண்டியதும் இந்த இரண்டும்தான். தாங்குகிறவரை, சம்பாதித்துக் கொடுக்கிறவரை.

ஆகவே என் முன்மொழிவு: வேலை செய்யும் காலத்துக்கு உழைகாலம். பொறியியலாளர் முதலில் எடுத்துக்கொள்ளும் எண்ணுக்குத் தாங்குகாலம். இரண்டையும் பிரித்து வைத்தால், “தாங்குகாலம் 25, உழைகாலம் 45” என்று குழப்பமில்லாமல் எழுதலாம். ‘ஆயுள் நீட்டிப்பு’ என்று மார்க்கண்டேயர் கதை மாதிரி ஒலிப்பதும் ‘உழைகால நீட்டிப்பு’ ஆகிவிடும்.

இன்னொன்று. ‘துரப்பண மேடை’ என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம். துளை போடுவது வந்து போகும் கலம், எண்ணெய் எடுப்பது நிற்கும் மேடை. மன்னார்க் கடலில் 2011இல் துளையிட்டது ஜப்பானின் சிக்யூ கப்பல். எரிவாயு கண்டார்கள், கப்பல் போய்விட்டது. அங்கே இன்றுவரை மேடை ஏதும் இல்லை. முதலாவதைத் துளைகலம் என்றும் இரண்டாவதை மேடை என்றும் எழுதலாமா? இது விசயத்தில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

நம் குழுவின் கல்முனைக் காக்கா (அண்ணன்) வளைகுடாவில் மேடைகளிலேயே வேலை செய்தவர். அவர் சொன்னால் நல்லது.

—

தம்பிக்கு,

14 வருடம் சாரம் கட்டியவன் நான். பொறியியல் தெரியாது, ஆனால் பொறியியலாளர் தொங்கிக்கொண்டு பார்க்கும் இடத்துக்குப் பலகை போட்டவன். அதனால் கிட்டத்தில் கண்டதைச் சொல்கிறேன்.

மேடையில் எந்த இடம் முதலில் போகும் தெரியுமா? தண்ணீருக்குக் கீழே இருப்பது அல்ல. அங்கே காலில் அலுமினியக் கட்டிகளை ஒட்டி வைத்திருப்பார்கள். கடல் முதலில் அதைத் தின்னும், இரும்பை விட்டுவிடும். வாழைச்சேனைத் துறைமுகத்தில் பல நாள் படகுகளின் சுழலிக்குப் பக்கத்தில் துத்தநாகக் கட்டி பூட்டுகிறார்களே, அதுதான் இது. மேலே காற்றில் இருப்பதற்குப் பெயின்ற் அடிக்கலாம். நடுவில் அலை அடித்து நனைத்து, வெயில் காய்த்து, திரும்ப நனைக்கிற ஒரு பட்டை இருக்கிறது. கட்டிகள் வேலை செய்ய எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்க வேண்டும், அதனால் அங்கே அவற்றால் பயனில்லை. பெயின்றையும் அலை உரித்துவிடும். பொங்கின கறளைச் சுத்தியலால் தட்டினால் பாண் கருகின மாதிரி அடுக்கடுக்காகக் கழன்று விழும். அதற்குப் பிறகு சோதனைக்காரர் ஜெல் பூசி, பேனா மாதிரி ஒன்றை அழுத்துவார். சின்னத் திரையில் தகட்டின் தடிப்பு எண்ணாக வரும். 12.7 மில்லிமீற்றர் இருந்த தகட்டில் 9.8 என்று வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. அவர் முகம் மாறவில்லை, புத்தகத்தில் எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். நான்தான் பயந்தேன். அப்புறம்தான் சொன்னார், கறள் தின்னட்டும் என்றே சில மில்லிமீற்றர் கூடுதலாக வைத்துத்தான் கட்டுவார்களாம். அந்தப் பங்கு இன்னும் முடியவில்லையாம்.

அந்தக் கூடுதல் தடிப்புக்கு முதலில் ஒரு சொல் வையுங்கள். நான் கறள்பங்கு என்பேன். முயலுக்கும் கிளிக்கும் என்று விதைக்கும்போதே ஒரு பங்கு விடுகிற வயல்காரன் கணக்கு அது.

உழைக்காலம் எனக்குப் பிடித்திருக்கிறது. வேலைத்தளத்தில் எல்லாரும் துளை போடுவதை ரிக் என்றும் நிற்பதை பிளட்போம் என்றும்தான் சொல்வோம். அதனால் உங்கள் துளைகலமும் சரி. ஆனால் ஒரு கேள்வி. எண்ணெய் நின்ற பிறகும் மேடை உடனே போகாது. கிணறுகளைச் சீமெந்து போட்டு மூடி, ஆட்களை இறக்கி, கப்பல் மோதாமல் இருக்க விளக்கும் சங்கும் மட்டும் ஓடவிட்டு வருடக் கணக்கில் நிற்கும். இரவில் பக்கத்து மேடையிலிருந்து பார்த்தால் ஆளில்லாத ஊர் மாதிரி இருக்கும். அது உழைக்கிற காலமும் இல்லை, போன காலமும் இல்லை. அதற்கு என்ன பெயர்?

—

இருவருக்கும் வணக்கம். திருக்கோவிலிலிருந்து எழுதுகிறேன், தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள்.

முதலில் எழுத்து. காக்கா ‘உழைக்காலம்’ என்று க் போட்டிருக்கிறார். வேண்டாம். ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. உழைகாலம் என்பதே சரி. அது வினைத்தொகையாக இருப்பதுதான் இதன் அழகும்: உழைத்த காலம், உழைக்கின்ற காலம், உழைக்கும் காலம் மூன்றும் உள்ளே அடக்கம். பொறியியலாளர் கேட்பதும் அந்த மூன்றைத்தானே, எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம்? தாங்குகாலம், துளைகலம் இரண்டும் அதே வார்ப்பு. ஒரு குடும்பமாக வருகின்றன, நல்லது.

உழை என்பதற்கு மான் என்றும் பொருள் உண்டு, ஏழு சுரங்களில் நான்காவதன் பெயரும் உழைதான். குரல், துத்தம், கைக்கிளை, உழை. 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காரைதீவு விபுலாநந்த அடிகள் யாழும் ஆராய்ந்தவர். அவர் இருந்திருந்தால் இதைக் கேட்டு முதலில் சிரித்திருப்பார், பிறகு ஏற்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒரு மறுப்பும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டு வாசகருக்கு உழைப்பது என்றால் பாடுபடுவது. ‘நீண்ட நாள் உழைக்கும்’ என்று அவர்களும் செருப்புக்கும் பாத்திரத்துக்கும் சொல்வார்கள், ஆனால் சம்பாதிப்பது என்ற நம் பொருள் அங்கே போகாது. பாதி மட்டுமே போய்ச் சேரும்.

மேடையைக் கழற்றுவதற்கு நீங்கள் சொல் தரவில்லை. ‘பணிநீக்கம்’ என்று எங்கோ பார்த்தேன். யாரையோ வேலையால் நிறுத்திய மாதிரி இருக்கிறது. கரையேற்றல் என்றால் என்ன?

—

டீச்சருக்கும் காக்காவுக்கும்,

க் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அடிகளின் சமாதியைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். நீங்கள் அவரைச் சொன்னபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பாதி பொருள் போனாலும் போதும் டீச்சர். அங்கே ‘தாங்கும்’ என்று விளங்கினால் தப்பில்லை, இங்கே ‘சம்பாதிக்கும்’ என்பதும் சேர்ந்து விளங்கும்.

கரையேற்றல் அருமை. 2017இல் பிரெண்ட் டெல்டாவின் மேற்பகுதி, 24,000 தொன்னுக்கு மேல், ஒரே தூக்கில் கப்பலில் ஏறி இங்கிலாந்தின் கிழக்குக் கரைக்கு உடைக்கப் போனது. அது கரையேற்றலேதான். ஆனால் அதன் கொங்கிறீற்றுக் கால்கள் கடலிலேயே நிற்கின்றன. மெக்சிக்கோ வளைகுடாவில் 500க்கு மேற்பட்ட மேடைகளை மீன் வாழட்டும் என்று கடலடியிலேயே விட்டிருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9இல் நம் கரைக்கு வெளியே மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலில் இப்போது பவளமும் மீனும் குடியிருக்கிறதே, அது மாதிரி. அவற்றைக் கரையேற்றியதாகச் சொல்ல முடியாது. ஆகவே கழற்றுவதன் பொதுப் பெயர் மேடைக்கழற்றல். கரைக்கு வந்தால் கரையேற்றல், கடலில் விட்டால் பாராக்கல். மீன் சேரும் கடலடிப் பாறையைப் பார் என்கிற நம் சொல்லிலிருந்து.

காக்காவின் கேள்வி என்னைப் பழைய கல்லடிப் பாலத்துக்குக் கொண்டு போய்விட்டது. 2013இல் பக்கத்தில் புதியது திறந்த நாளோடு பழைய இரும்புப் பாலத்தின் உழைகாலம் முடிந்தது என்று நினைத்தேன். நேற்றுப் பின்னேரம் போய் நின்றேன். சைக்கிள்காரர் போகிறார்கள், ஒருவர் தூண்டில் போடுகிறார், ஒரு சோடி வாவியைப் பார்த்துப் படம் எடுக்கிறது. கைபிடியில் பெயின்ற் உரிந்த இடத்தைத் தொட்டால் விரலில் செம்மண் நிறம். பாலம் இன்னும் உழைக்கிறது, வேறு வேலைக்கு. கடலில் நிற்கும் வெறும் மேடைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அதற்கு விளக்கு ஒன்றுதான். அதனால் விளக்குநிலை என்று வைக்கிறேன். “கிணறு மூடிய பின் மேடை விளக்குநிலையில் நிற்கும்” என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் இடறவில்லை.

எட்டாம் பக்கத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

“கடல் மேடை ஒன்றைப் பெரும்பாலும் 20 முதல் 25 வருடம் வரையான தாங்குகாலத்துக்கு வடிவமைப்பார்கள். அலை தரும் களைப்பையும் கறளையும் அளந்து, கறள்பங்கு மிச்சமிருந்தால், எண்ணெயும் இருந்தால், உழைகாலத்தை நீட்டுவார்கள். வரவைச் செலவு தாண்டும்போது கிணறுகளை மூடுவார்கள். அதன்பின் மேடை கழற்றும்வரை விளக்குநிலையில் நிற்கும்.”

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காக்கா, அந்தச் சாரத்தின் படம் ஒன்று கையில் இருந்தால் அனுப்புங்கள். முகம் தெரியாதபடி, 9.8 தெரிகிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.