காட்டோர மலைகளில் கட்டுத்துவக்கு: பிரசாரத்தை எப்படித் தொடங்குவது?

கொழுந்துமலை:
வணக்கம். இலங்கை நுவரெலியா மாவட்டத்தில் வலப்பனைப் பக்கம், காட்டை ஒட்டிய தேயிலை மலைகளில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு (தடத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் கால் பட்டதும் தானே வெடிக்கும் துப்பாக்கி) கட்டுகிறார்கள். விறகுக்குப் போகிற ஆட்களின் காலுக்கு ஆபத்து. இளைஞர் மன்றமும் கோயில் கமிட்டியும் சேர்ந்து நிறுத்தப் பார்க்கிறோம். "துவக்கைக் கோயிலில் வைத்துவிடுங்கள், பெயர் கேட்கமாட்டோம்" என்று அறிவிக்கலாமா?

சட்டத்துணை:
வேண்டாம் தம்பி. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, உரிமமில்லாத துவக்கை வைத்திருப்பதே குற்றம். ஓர் இரவு கோயிலில் இருந்தாலும் கமிட்டிதான் மாட்டும். குழலுக்குள் வெடிமருந்து கெட்டித்திருக்கிறதா என்பதும் வெளியே தெரியாது. பாதுகாப்பு அமைச்சு அவ்வப்போது பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்கும். அந்தத் திகதிகளைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, காலையில் தொழிலாளர் கூடும் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். மற்றக் காலத்தில் ஒப்படைக்க விரும்புகிறவரை முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: பயிர்க்காவலுக்கு உரிமம் எடுத்த துவக்கானாலும், ஆளில்லாமல் பாதையில் கட்டி வைக்க எந்த உரிமமும் இடம் தராது.

காட்டுப்பாதை:
துவக்கைத் தேடுவதை விட்டுவிட்டுப் பாதையைப் பாருங்கள். பெண்களையும் உட்காரவைத்து, விறகுப் பாதை, பீலிக்கு (தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு) போகும் பாதை, பன்றித் தடம் மூன்றையும் ஒரே தாளில் வரையுங்கள். வெட்டிக்கொள்ளும் இடங்கள்தான் ஆபத்தானவை. அந்தத் தாளுடன் தோட்டத் தலைவர், கிராம சேவகர், பிரஜா பொலிஸ் குழு மூவரிடமும் போனால் யாரையும் காட்டிக்கொடுக்காமலே பேசலாம். கட்டுகிறவர் பெரும்பாலும் நமக்குத் தெரிந்த ஆள்தான், பெயர் கேட்டால் லயமே (தொழிலாளர் குடியிருப்பு வரிசையே) வாயை மூடிக்கொள்ளும்.

மாலையில் கட்டிக் காலையில் அவிழ்ப்பது வழக்கம். மழையோ குடியோ கட்டியவரைத் தடுத்தால் அது பகலிலும் அப்படியே நிற்கும். பனியில் வெடிமருந்து நனைந்திருக்கும் என்று யாரும் நம்பக்கூடாது. குறுக்கே கம்பியோ நூலோ கண்டால் தொடாமல் வந்த தடத்திலேயே திரும்பி, தூரத்தில் அடையாளம் வைத்து, பொலிஸ் அவசர எண் 119க்குச் சொல்லுங்கள்.

இறைச்சி வாங்க ஆள் இருக்கும்வரை துவக்கும் இருக்கும், அதனால் வாங்குகிறவர்களிடமும் பேசத்தான் வேண்டும். துவக்குக்குப் பதில் சுருக்குக் கம்பியோ மின்கம்பியோ வந்துவிடாமலும் பாருங்கள். 2020 மே மாதம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை சிக்கிச் செத்தது சுருக்குக் கம்பியில்தான்.

கொழுந்துமலை:
நன்றி அண்ணன். யாராவது அடிபட்டால்?

மருந்துப்பெட்டி:
ஓடிப்போகாதீர்கள், பக்கத்தில் இன்னொன்று கட்டியிருக்கலாம். அடிபட்டவர் நடந்த தடத்திலேயே போங்கள். காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். இரத்தம் பீறிட்டால் காயத்துக்கு மேலே நாலு விரல் தள்ளி, மூட்டைத் தவிர்த்து, அகலத் துணியால் இறுக்கிக் கட்டி நேரத்தைக் குறியுங்கள். ஆஸ்பத்திரி வரை அவிழ்க்கவேண்டாம். கயிறு, கம்பி கூடாது, சதையை வெட்டும். கோப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் போடாதீர்கள். துளை சின்னது என்று வீட்டில் வைத்திருப்பதுதான் பெரிய தவறு: இரும்புத்துண்டோடு மண்ணும் தும்பும் ஆழமாய்ப் போயிருக்கும், உள்ளே அழுகும். ஏற்புத்தடுப்பு (டெட்டனஸ்) ஊசியும் வேண்டும், சத்திரசிகிச்சையும் வேண்டும். குடிக்க ஒன்றும் கொடுக்காதீர்கள்.

1990 அம்புலன்ஸுக்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. டிவிசன், மலை நம்பர், வண்டி ஏறக்கூடிய கடைசி இடம் மூன்றையும் சொல்லி, அந்த இடத்தில் ஒருவரை டோர்ச்சோடு நிறுத்துங்கள்.