மும்பையில் சுத்தமான பசுஞ்சாணத் திருநீறு எங்கே கிடைக்கும்?

செம்பூரில் இருக்கிறோம். தீபாவளியிலிருந்து அப்பாவுக்குத் திருநீறு பூசுகிற இடம் மட்டும் பட்டை பட்டையாகச் சிவந்து அரிக்கிறது. தோல் மருத்துவர் களிம்பு கொடுத்து, பூசுவதை நிறுத்தச் சொன்னார். அப்பாவா கேட்பார்? மூன்று கோடும் ஆணவம், கன்மம், மாயை எரிந்து நீறானதற்கு அடையாளம், சந்தனம் அதற்கு ஈடாகுமா என்கிறார்.

மாட்டுங்காவில் கடை மாற்றி மாற்றி வாங்கியாச்சு. எல்லாமே சுண்ணாம்பு வெள்ளை, போதாக்குறைக்கு செண்ட் வாசனை. சரி, நாமே சுடலாம் என்று கோரேகாவ் தபேலாக்களில் (மாட்டுக் கொட்டகைகளில்) சாணம் கேட்டால் பெரும்பாலும் எருமைதான். அப்படியே பசுஞ்சாணம் கிடைத்தாலும், ஊரில் சிவராத்திரிக்குப் போடுவது போல உமி மூட்டம் போட்டு நாள்கணக்கில் புகையவிட பிளாட்டில் ஏது இடம்?

பசுஞ்சாணத்தைச் சுட்டு எடுத்த, வாசனை சேர்க்காத திருநீறு மும்பை, தாணே பக்கம் நேரில் பார்த்து வாங்க எங்கே போகலாம்?